ஊர் கூடி ஏழு சுற்றுக் கோட்டை போடுவது எப்படி: கடலூர், புதுச்சேரி மண்ணுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளி மைதானத்திலோ, கோயில் பக்கத்துக் காலி மனையிலோ, ஊர்ப் பொது இடத்திலோ ஆட்கள் நடந்து போய்த் திரும்புகிற மாதிரி ஒரு சுற்றுப்பாதைக் கோட்டை போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிமெண்ட் இல்லை, பெயிண்ட் இல்லை. மண், கல், செடி, ஆட்கள் அவ்வளவுதான். சுற்றியுள்ளதை வைத்தே செய்கிற இந்த மாதிரி வேலையைச் 'சூழல் கலை' என்பார்கள். வேலை கடினமில்லை. ஆனால் வரிசை மாறினால் எல்லாம் மாறும். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான்.

## 1. முதலில் பெயரில் உள்ள குழப்பம்

ஏழு சுற்றுக் கோட்டை, புதிர்நிலை, சக்கரவியூகம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சக்கரவியூகம் என்று சொன்னதுமே அபிமன்யு நினைவுக்கு வந்துவிடுகிறான். உள்ளே போனால் மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதில் கிளைவழியே கிடையாது. ஒரே தடம். வாசலில் நுழைந்தால் ஏழு சுற்றும் சுற்றி நடுவுக்குப் போய்ச் சேர்வோம். அதே தடத்தில் திரும்பி வருவோம். வழி தவறவே முடியாது.

இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் "அங்கங்கே முட்டுச்சந்து வைத்தால் பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்குமே" என்று ஆரம்பிப்பார். அது வேறு விளையாட்டு.

இன்னொன்று: கல் வைக்கிற இடத்தைக் 'கோடு' என்றும், கால் வைக்கிற இடத்தைத் 'தடம்' என்றும் முதல் நாளே பெயர் வைத்துவிடுங்கள். கோலம் போட்டுப் பழகிய கை கோடுகளைப் பார்க்கும். நடக்கிற கால் இரண்டு கோட்டுக்கு நடுவில் போக வேண்டும். இந்த இரண்டையும் கலந்து பேசியே அரை நாள் வீணாகும்.

## 2. இடம் பிடிக்கும் முன் ஆளைப் பிடியுங்கள்

திறப்பு விழாவுக்கு அறுபது பேர் வருவார்கள். மூன்றாவது மாதம் நெருஞ்சி முள் பிடுங்க யார் வருவார் என்பதுதான் கேள்வி. அதனால் பராமரிப்பு ஆளை முதலில் முடிவு செய்யுங்கள். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். தினமும் அந்த வழியாகப் போகிற, வாரம் ஒருமுறை பெருக்கச் சம்மதிக்கிற இரண்டு பேர் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லையா, நிரந்தரமாகக் கல் வைக்காதீர்கள். 11ஆம் பகுதியில் சொல்லியிருக்கிற ஒருநாள் வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் குறைவில்லை.

## 3. இடமும் அனுமதியும்

தனியார் இடம், பள்ளி, கோயில் என்றால் பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தலைமை ஆசிரியர் மாறிப் போவார், அறங்காவலர் மாறுவார். புதிதாக வருகிறவர் "இந்தக் கல்லெல்லாம் எதற்கு?" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

ஊராட்சி இடம் என்றால் கடலூர்ப் பக்கம் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தை, மாசியில் வேலை தொடங்க வேண்டுமானால் முந்தைய அக்டோபரிலோ நவம்பரிலோ பேசிவிட வேண்டும். புதுச்சேரிப் பக்கம் கிராமப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஏரிக்கரை பார்க்க அழகாக இருக்கும். ஆசைப்படாதீர்கள். கரை என்பது நீரைத் தாங்குகிற அமைப்பு, அதில் பள்ளம் தோண்டக் கூடாது. ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே ஐம்பது பேரைக் கூட்டிப் போய் நடக்கவிடுவது சூழல் கலை ஆகாது. தென்பெண்ணை, கெடிலம் படுகையும் வேண்டாம். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மேய்ச்சல் நிலமாக ஆடு மாடு வருகிற இடம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற இடம் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வேலைக்குப் பயன்படுகிற நிலத்தில் கலை என்று போய் உட்கார்ந்தால், ஒரே மாதத்தில் கல் இடம் மாறியிருக்கும். தப்பு அவர்கள் மேல் இல்லை.

## 4. மண்ணும் மாதமும்

இந்தப் பகுதியில் பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே மண் மாறிவிடும். அதற்கேற்ற மாதிரிதான் கல் வைக்க வேண்டும்.

காலாப்பட்டு, கோரிமேடு, கேப்பர் மலைப் பக்கம் செம்மண். கோடு போட அருமையான மண், சுண்ணாம்புத்தூள் பளிச்சென்று தெரியும். ஆனால் மழை ஓடினால் அரித்துக்கொண்டு போகும். சரிவு அதிகமுள்ள இடத்தை இங்கே தவிர்த்துவிடுங்கள்.

பாகூர்ப் பக்கம், ஆற்றுப் படுகையை ஒட்டிய ஊர்களில் வண்டலும் களியும். கோடையில் வெடிக்கும், ஐப்பசியில் காலைப் பிடித்துக்கொள்ளும். தடத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மணல் தூவ வேண்டியிருக்கும்.

கடலோரம் மணல். கல் மெல்ல இறங்கும், சாயும். கல்லுக்கு அடியில் இரண்டு அங்குலம் கிராவல் போட்டுத் தட்டினால் நிற்கும்.

மாதம்: கோடும் கல்லும் தை, மாசியில். செடி ஆவணி, புரட்டாசியில். இரண்டையும் ஒரே நாளில் செய்ய நினைக்காதீர்கள். பொங்கல் முடிந்த கையோடு மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். முளைக்குச்சி இறங்கும், கடப்பாரை கேட்காது. வெயிலும் தாங்கும். ஆனால் அப்போது செடி வைத்தால் கத்திரி வெயில் முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும்.

மார்கழி முழுக்கப் பெண்கள் வாசலில் பெரிய பெரிய கோலம் போட்டுக் கை சூடாக இருக்கும் நேரம் அது. அந்தக் கை உங்களுக்கு வேண்டும்.

## 5. அளவை முடிவு செய்வது

எல்லா அளவும் ஒரே எண்ணிலிருந்து வரும்: தடத்தின் அகலம். அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்.

மொத்த அகலம் தட அகலத்தைப் போல் 15 மடங்கு. மொத்த நீளம் 13½ மடங்கு. கோடுகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 180 மடங்கு.

இரண்டரை அடித் தடம் என்றால் அகலம் 37½ அடி, நீளம் 33¾ அடி, கோடு 450 அடி. ஒன்பது அங்குலச் செங்கலை முனையோடு முனை வைத்தால் 600 கல். உடைசலுக்கும் பின்னால் காணாமல் போவதற்கும் சேர்த்து 650 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் மூன்று கிலோ என்று போட்டால்கூட இரண்டு டன். டிராக்டர் டிரெய்லர் வேண்டும். வாசலிலிருந்து நடுவுக்கு நடை சுமார் 370 அடி, போய் வர அதில் இரண்டு மடங்கு. மெதுவாக நடந்தால் போவதற்கு மட்டும் நாலைந்து நிமிடம்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டரை அடிதான். இரண்டு அடி வைத்தால் எதிரில் வருகிறவருக்குத் தோள் திருப்ப இடமிருக்காது. மூன்று அடிக்கு 45 அடி அகலம் வேண்டும்.

கவனியுங்கள், இந்த அளவு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவுக்கு. கல்லின் அகலம் நாலு, நாலரை அங்குலம் போய்விடும். இரண்டரை அடி என்று போட்டால் காலுக்குக் கிடைப்பது இரண்டு அடி சொச்சம். சக்கர நாற்காலி போக வேண்டுமானால் மூன்றரை அடி எடுத்துக்கொள்ளுங்கள், தடம் கெட்டித் தரையாகவும் இருக்க வேண்டும். மணலில் சக்கரம் உருளாது.

## 6. ஐந்து புள்ளிக் கோலம்

மொத்தக் கோட்டையும் ஒரு சின்ன விதையிலிருந்து வளர்கிறது. அந்த விதை 5க்கு 5 நேர்ப்புள்ளி, மொத்தம் 25. இதை நிலத்துக்குக் கொண்டுபோகும் முன் தாளிலோ திண்ணையிலோ ஒவ்வொருவரும் மூன்று தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் நிலத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வாசல் வரப்போகிற பக்கத்தைக் கீழ் என்றும், எதிர்ப்பக்கத்தை மேல் என்றும் வைத்துக்கொள்வோம்.

நடு வரிசை ஐந்தையும் படுக்கையாக ஒரு கோடு, நடு நெடுக்கு ஐந்தையும் நிமிர்த்தி ஒரு கோடு. கூட்டல் குறி வந்துவிட்டது.

கூட்டல் குறி பிரித்த நாலு கட்டத்திலும் நாலு நாலு புள்ளி மிச்சமிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வெளி மூலைப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் 'ட' மாதிரி மடக்கிச் சேருங்கள். மடங்குகிற இடம் கூட்டலின் மையத்தை ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு முனையும் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போடுவது இங்கே நடக்கிற முதல் தப்பு.

நாலு மூலையிலும் தனிப்புள்ளி நிற்கும். இருபத்தைந்து புள்ளியும் தீர்ந்தது. இப்போது சதுரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பதினாறு முனை இருக்கிறது (மூலைப் புள்ளியும் ஒரு முனைதான்).

இனி வில் மாதிரி வளைவு. கூட்டல் குறியின் மேல் முனையையும் அதற்கு வலப்பக்கத்து முனையையும் சேருங்கள். இது சின்ன வளைவு, இதற்குள்தான் நடு. அடுத்து, இடப்பக்கம் அடுத்த முனையை எடுத்து, முதல் வளைவுக்கு மேலாக வளைத்து, வலப்பக்கம் அடுத்த முனையில் விடுங்கள். மறுபடி இடம் ஒன்று, வலம் ஒன்று. ஒரு முனையையும் தாண்டக் கூடாது, ஒரு வளைவும் இன்னொன்றைத் தொடக் கூடாது. எட்டாவது வளைவு கூட்டல் குறியின் கீழ் முனையில் வந்து விழும். அதற்கு இடப்பக்கம் ஒரு சந்து திறந்திருக்கும். அதுதான் வாசல்.

முதல் வளைவை இடப்பக்கம் சேர்த்தாலும் கோட்டை வரும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. தப்பில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சேர்க்க வேண்டும். கடலூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் நான் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் போடவிட்டேன். நேரம் மிச்சமாகும் என்ற நினைப்பு. ஒரு குழு வலம், ஒரு குழு இடம். நடுவில் சந்தித்தபோது கோடு ஒன்றோடொன்று சேரவில்லை. மத்தியானம் முழுக்கப் பெருக்கி அழித்தோம்.

## 7. நிலத்தில் கோடு

இதற்கு நாலு பேர் போதும். கூட்டம் வேண்டாம். ஆள் அதிகமானால் போட்ட கோட்டின் மேலேயே நிற்பார்கள்.

தேவையானவை: நூறடி டேப், ஐந்து முளைக்குச்சி (சவுக்குக் குச்சி நன்றாக நிற்கும்), சுத்தியல், கட்டுக்கம்பி, நூல், இருபது கிலோ சுண்ணாம்புத்தூள் அல்லது கோலமாவு, விளக்குமாறு. அளவுக்குக் கயிறு வேண்டாம். நைலான் கயிறு இழுத்தால் நீளும், தென்னை நார்க்கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும். இருபதடிக்கு அரை அடி பிசகினால் வெளிச்சுற்றில் தடம் குறுகிவிடும். கட்டுக்கம்பி நீளாது.

கூட்டலின் மையத்தை எங்கே வைப்பது? மனையின் நடுவில் அல்ல. எல்லாரும் செய்கிற தப்பு இது. இரண்டரை அடித் தடத்துக்கு, மையத்திலிருந்து இடப்பக்கம் 17½ அடி, வலப்பக்கம் 20 அடி, மேலே 23¾ அடி, கீழே 10 அடி வேண்டும். மனையின் நடுவில் மையத்தை வைத்துத் தொடங்கினால் மேல்சுற்று காம்பவுண்டு சுவரில் முட்டும், கீழே இடம் சும்மா கிடக்கும். சுற்றிலும் நாலடி விட்டுக் கணக்குப் போடுங்கள். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கும் இடம் வேண்டுமே.

சதுரம். பத்தடிக்குப் பத்தடி. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமாக வந்தால் சதுரம் சரி. நாலு மூலையிலும் முளை அடியுங்கள். இரண்டரை அடிக்கு ஒரு புள்ளி வைத்து 25 புள்ளியையும் போட்டு, கூட்டலையும் நாலு மடக்கையும் மாவால் இழுத்துவிடுங்கள். இதைக் கோலம் போடுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். டேப் பிடிக்கிற ஆண்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் முடித்திருப்பார்கள்.

ஐந்தாவது முளை. மேல் வரிசையில் நடுப்புள்ளிக்கும் அதற்கு வலப்பக்கத்துப் புள்ளிக்கும் சரிபாதியில், அதாவது நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அடியில். மேல் வரிசையை நூல் பிடித்து இரண்டு பக்கமும் இருபது அடி நீட்டிக் கட்டுங்கள். இந்த நூலுக்கு மேலே அரை வட்டங்கள், கீழே கால் வட்டங்கள்.

மேல் அரை வட்டம் எட்டு. ஐந்தாவது முளையிலிருந்து கம்பியில் 1¼, 3¾, 6¼, 8¾, 11¼, 13¾, 16¼, 18¾ அடிகளில் துணி முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலின் இடமுனையிலிருந்து வலமுனை வரை ஒரு அரை வட்டம். உள்ளேயிருந்து வெளியே போங்கள். உள்ளே தொடங்கினால் கம்பி உள்வட்டத்து மாவை இழுத்து அழித்துவிடும் என்று தோன்றும். கொஞ்சம் அழியத்தான் செய்யும். அப்படியும் உள்ளே தொடங்கச் சொல்லக் காரணம், உள்வட்டம் தப்பாக இருந்தால் சீக்கிரம் கண்ணில் படும்.

இடக் கால் வட்டம் ஐந்து. மேல் இடமூலை முளையிலிருந்து 2½, 5, 7½, 10, 12½ அடி. நூலிலிருந்து கீழே இறங்கி வருகிறது. முதல் மூன்றும் சதுரத்தின் இடப்பக்கத்து மூன்று முனைகளில் வந்து முடியும். நாலாவது கீழ் இடமூலை முளையில் முடியும். ஐந்தாவது அந்த முளைக்கு இரண்டரை அடி கீழே நிற்கும்.

வலக் கால் வட்டம் ஆறு. மேல் வலமூலை முளையிலிருந்து அதே அளவுகள், கூடவே 15 அடி. நாலாவது கீழ் வலமூலையில். ஐந்தாவது அதற்கு இரண்டரை அடி கீழே, ஆறாவது ஐந்தடி கீழே.

கீழ் வளைவு மூன்று. கீழ் இடமூலை முளையிலிருந்து 2½ அடியில் ஒரு கால் வட்டம்: கீழே நிற்கும் ஐந்தாவது கால் வட்டத்தை வலப்பக்கம் ஏற்றி, பக்கத்து மடக்கின் முனையில் சேர்க்கும். கீழ் வலமூலை முளையிலிருந்து 2½ அடியில் ஒன்று, பக்கத்து மடக்கின் முனையில் சேரும். 5 அடியில் ஒன்று, கூட்டலின் கீழ் முனையில் சேரும். முடிந்தது.

சோதனை எளிது. வெளியிலிருந்து உள்ளே தடங்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். வாசலில் நுழைந்தால் முதலில் 3, அப்புறம் 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. நுழைந்ததும் கால் மூன்றாவது சுற்றுக்குப் போகவில்லை என்றால் ஏதோ ஒரு முனை தப்பாகச் சேர்ந்திருக்கிறது.

## 8. நடக்கவிடுங்கள், கல்லைத் தொடாதீர்கள்

கோடு முடிந்ததும் செங்கல் லாரியைக் கூப்பிடத் தோன்றும். இரண்டு வாரம் பொறுங்கள். மாவுக் கோட்டிலேயே ஊரை நடக்கவிடுங்கள். அழிகிற இடத்தில் மட்டும் மறுபடி மாவு போடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் தெரிய வருபவை கொஞ்சமல்ல. எந்தத் திருப்பத்தில் பாட்டிமார் தடுமாறுகிறார்கள், எந்த ஓரத்தில் மாடு குறுக்கே போகிறது, சாயங்கால வெயில் எந்தச் சுற்றில் முகத்தில் அடிக்கிறது, எங்கே நெருஞ்சி கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அதனால் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் முக்கியமான எதிரிகள். பூத்துக் காய்க்கும் முன் நெருஞ்சியை வேரோடு பிடுங்குங்கள். காய் விழுந்த பிறகு பெருக்கினால் முள்ளை எல்லாச் சுற்றுக்கும் பங்கு வைத்த மாதிரி ஆகிவிடும்.

வாசலைத் திருப்ப வேண்டும் என்று ஊர் சொன்னால் இப்போதே திருப்பிவிடலாம். செலவு இருபது கிலோ மாவு. கல் வைத்த பிறகு என்றால் இரண்டு டன்.

இந்த நேரத்தில்தான் நடுவில் ஒரு வேப்பங்கன்று வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனசு, தப்பான இடம். நடுவின் அகலமே ஒரு தடம்தான், ஒருவர் நிற்கலாம். மரம் வளர்ந்தால் நிற்க இடமிருக்காது, வேர் கல்லைத் தூக்கும். மரத்தை மேற்குப் பக்கம், வெளிக்கோட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி வையுங்கள். சாயங்கால நடைக்கு நிழல் விழும். 2011இல் தானே புயலில் முந்திரியும் பலாவும் விழுந்த விதத்தைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளியே வைப்பார்கள்.

## 9. கல் வைக்கும் நாள்

இப்போது இருபது பேர் வரலாம்.

சூளையில் கழித்துப் போட்ட செங்கல் மலிவாகக் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு. அதிகம் வெந்து கருத்து வளைந்து போனது ஒன்று, அரைவேக்காட்டுக் கல் இன்னொன்று. கருத்ததை எடுங்கள். அரைவேக்காடு ஒரே மழையில் கரைந்து செம்மண் ஆகிவிடும். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் வெந்தது. இடித்த வீட்டு நாட்டு ஓடும் நல்லது. ஓரம் கூர்மையாக இருந்தால் மண்ணுக்குள் போகும்படி நிறுத்துங்கள். வில்லியனூர் சுடுமண் வேலை செய்கிறவர்களிடம் உடைந்த துண்டுகள் கிடைத்தால் வாசலுக்கு வைக்கலாம்.

வேண்டாதவை: கண்ணாடி பாட்டில், தலைகீழாக நட்ட பிளாஸ்டிக் பாட்டில் (வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலந்துவிடும், பிறகு பொறுக்கவே முடியாது), பெயிண்ட் அடித்த கல், ஆற்றிலிருந்து அள்ளிய கூழாங்கல். திருவக்கரைப் பக்கம் போனால் அழகான கல் என்று எதையும் எடுத்து வராதீர்கள், அங்கே இருக்கிற கல்மரம் (கல்லாகிப்போன பழங்கால மரம்) பாதுகாக்கப்பட்டது.

இரண்டு அங்குல ஆழத்துக்குக் கோட்டின் மேலேயே சிறு வாய்க்கால் கொத்தி, கல்லைப் படுக்க வையுங்கள். வெளியே தெரிவது ஒரு அங்குலமோ இரண்டோ இருந்தால் போதும். உயரமாக அடுக்கினால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், கல் இடுக்கில் தேளும் பாம்பும் தங்கும்.

கல்லைச் சுற்றிலும் வெளியே குவித்துவைத்து, உள்ளேயிருந்து வெளியே வாருங்கள். வெளிச்சுற்றை முதலில் வைத்தால், மீதி கல்லைத் தூக்கிக்கொண்டு வைத்த கல்லையெல்லாம் தாண்ட வேண்டும். யாராவது ஒருவர் இடறுவார். ஒரு தடவை அது நான்தான்.

அடுத்தது இந்த வேலையிலேயே அதிகம் மறக்கப்படுவது: தண்ணீர் போகிற வழி. எட்டு வளைவும் எட்டு வரப்பு மாதிரி. சரிவுக்குக் குறுக்கே இருக்கிற பகுதிகளில் நாலு கல்லுக்கு ஒருமுறை இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் ஐப்பசியில் ஏழு வளைந்த குட்டையும் அதில் கொசுவும் கிடைக்கும். ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதிரி மழைக்கு எந்த ஏற்பாடும் போதாது. ஆனால் சாதாரண மழைக்கு இந்த இரண்டு விரல் போதும்.

## 10. செடி

ஆவணிக் கடைசியில் வெளிக்கோட்டுக்கு மட்டும் வெட்டிவேர். வெளிக்கோடு சுமார் 115 அடி. அரை அடிக்கு ஒரு நாற்று என்றால் 230 நாற்று. கடலூர்க் கரையோரத்தில் நொச்சிக்காடு பக்கம் வெட்டிவேர் விவசாயமே இருப்பதால் நாற்று தேடி அலைய வேண்டாம். மணலிலும் நிற்கும், மண்ணையும் பிடிக்கும். ஆனால் நாலடிக்கு மேல் வளரும், அதனால் உள்கோடுகளில் வைக்கக் கூடாது. உள்ளே நடக்கிற பிள்ளை வெளியே நிற்கிற அம்மாவுக்குத் தெரிய வேண்டும். வெளிக்கோட்டிலும் ஆண்டுக்கு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள்.

உள்கோடுகளில் கல் ஓரமாகப் பத்துமணிப் பூ. ஒரு கிள்ளு வைத்தால் பரவும். ஈரம் நிற்கிற மண்ணில் பொடுதலை தானாகவே வரும், அதைப் பிடுங்காமல் விட்டால் தடத்துக்கே பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும்.

ஆடு வருகிற ஊர் என்றால் வெட்டிவேருக்கும் வெளியே நொச்சி, ஆடாதொடை வேலி. ஆடாதொடைக்குப் பெயரிலேயே காரணம் இருக்கிறது.

## 11. கடற்கரையில் ஒருநாள் கோட்டை

நிலம் கிடைக்கவில்லை, பராமரிக்க ஆள் இல்லை என்றால் இது. தேவனாம்பட்டினம் கரை, வீராம்பட்டினம் கரை எங்கும் செய்யலாம். முளையும் கம்பியும் அதேதான். மாவுக்குப் பதில் ஒரு குச்சியால் ஈரமணலில் கீறினால் போதும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவராதீர்கள், எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நேரம் முக்கியம். விடியற்காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் நடந்து முடியுங்கள், மணல் சுடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அலை அதிகம் ஏறும். அந்த நாட்களில் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகள் இருந்தால் அலை தொடும் கோட்டிலிருந்து ஐம்பது அடியாவது உள்ளே வாருங்கள், தண்ணீர்ப் பக்கம் இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள். இந்தக் கரையில் இழுப்பு அதிகம்.

வலை காய்கிற இடம், படகு ஏற்றுகிற இடம் பார்த்து விலகுங்கள். முந்தைய நாளே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடுகிற காலம். மேல்மணலில் முளை அடிக்கவோ தோண்டவோ வேண்டாம், இரவில் விளக்கு வைத்து நடத்த வேண்டாம். அந்த மாதங்களில் அலை நனைக்கிற மணலோடு நில்லுங்கள், அதுவும் பெரியவர்கள் மட்டும். மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியும் ராவணன் மீசையும் மணல் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று அவற்றைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் முளைகளை எண்ணி எடுங்கள். ஐந்தும் கையில் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மணலில் புதைந்த முளை யாருடைய காலையாவது பதம் பார்க்கும்.

## 12. நடத்துவதும் பராமரிப்பதும்

விதிமுறைப் பலகையெல்லாம் வேண்டாம். இரண்டு விஷயம் வாயால் சொன்னால் போதும்: எதிரில் ஆள் வந்தால் திரும்பி வருகிறவர் ஒதுங்கட்டும், குறுக்கே தாண்ட வேண்டாம். பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடட்டும். பெரியவர்களுக்கு விடியற்காலையை ஒதுக்கிவிட்டால் சண்டை வராது.

பெருக்குகிற வேலையைச் சுற்றுவாரியாகப் பிரிப்பார்கள், ஏழு சுற்று ஏழு வகுப்பு என்று. கேட்க அழகாக இருக்கும். ஆனால் முதல் சுற்று நூறடிப் பக்கம் போகும், ஏழாவது சுற்று பத்துப் பதினைந்து அடிதான். முதல் சுற்று கிடைத்த வகுப்பு இரண்டாவது வாரமே கணக்குப் பார்த்துவிட்டது. 1ஐ ஒருவருக்கும், 2ஐ ஒருவருக்கும், 3, 4ஐச் சேர்த்து ஒருவருக்கும், 5, 6, 7ஐச் சேர்த்து ஒருவருக்கும் கொடுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் கல் இடைவெளிகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் குத்தி எடுங்கள். மழை முடிந்ததும் இறங்கிய கல்லைத் தூக்கி அடியில் மண் போடுங்கள். தை பிறந்ததும் பழைய ஐந்து முளையிடங்களிலும் கம்பியைப் பிடித்து ஒருமுறை சரிபாருங்கள். இதற்காகவே முளை பிடுங்கிய இடத்தில் ஒரு சிறு கருங்கல்லை மண்மட்டத்துக்குப் பதித்துவைப்பது என் வழக்கம்.

கூடுதலாக வாங்கிய ஐம்பது கல்லை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். மாதம் இரண்டு மூன்று கல் குறையும். தேடிப் போனால் ஒன்று டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருக்கும், இன்னொன்று கிரிக்கெட்டில் ஸ்டம்பு ஆகியிருக்கும். கேட்டு வாங்கப் போக வேண்டாம், கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.